கண்ணாடியிலிருந்து கன்னியாகுமரிக்கு: ஓவியர் அம்ரிதா ஷெர்கில்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. மாணவர் ஒருவர் எழுதியது)

மனிதன் தன் முகத்தைத் தானே நேராகக் காண முடியாது. பிறர் முகத்தை நாள்தோறும் காண்கிறோம். நம் முகத்தைக் காண ஒரு கண்ணாடி வேண்டும். அந்தக் கண்ணாடியும் இடத்தை வலமாகவும் வலத்தை இடமாகவும் மாற்றிக் காட்டுவதுபோல் தோன்றுகிறது. ஆகவே தன் உருவத்தைத் தானே தீட்ட முற்படும் ஓவியர் இரு சோதனைகளுக்கு ஆளாகிறார். ஒன்று கைத்திறனுக்கு வரும் சோதனை. மற்றொன்று நேர்மைக்கு வரும் சோதனை. பிறர் முகத்தை அழகாக்கினால் அது கூலிக்குச் செய்த வேலை எனலாம். தன் முகத்தை அழகாக்கினால் அது தனக்கே சொல்லிக்கொண்ட பொய்யாகிவிடும்.

இந்தச் சோதனையில் உலகம் வியக்கும்படி வென்றவர் ஹாலந்து நாட்டு ஓவியர் ரெம்பிராண்ட். 1606 இல் பிறந்து 1669 இல் மறைந்த அவர், வண்ண ஓவியமாகவும் கோட்டோவியமாகவும் செப்புத்தகட்டு அச்சுப்படமாகவும் தம் உருவத்தைச் சுமார் 80 முறை படைத்தார். பரோக் காலம் என்று கலை வரலாறு அழைக்கும் அந்நாளில், இருளை விரித்து அதன் நடுவே முகத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் ஒளியை வீழ்த்துவது சிறந்த உத்தியாகப் போற்றப்பட்டது. ரெம்பிராண்ட் அவ்வுத்தியை வெறும் கண்கவர் வித்தையாக விட்டுவிடவில்லை. 1656 இல் கடன் சுமையால் நொடித்து, வீடும் சேர்த்து வைத்த கலைப்பொருள்களும் கைவிட்டுப் போன பின்னரும் அவர் கண்ணாடி முன் நின்றார். சுருங்கிய நெற்றியையும் தளர்ந்த கன்னத்தையும் தடித்த வண்ணத்தால் மறைக்காமல் தீட்டினார்.

அந்த ரெம்பிராண்ட் நம் நாட்டின் மொகலாயச் சிற்றோவியங்களைக் கண்டு மயங்கி, அவற்றைப் பார்த்துக் கோட்டுப்படங்கள் வரைந்தார் என்பது பலர் அறியாத செய்தி. அவற்றுள் இருபதுக்கு மேற்பட்டவை இன்றும் உள்ளன. ஐரோப்பிய ஓவியரின் கண் இந்தியாவை நோக்கி வந்த பயணம் அது. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் இதே வழியில் ஒரு பெண் நடந்தார். ஐரோப்பாவில் பயின்று, கண்ணாடியில் தம் முகத்தையே பலமுறை தீட்டி, பிறகு இந்தியாவுக்குத் திரும்பி நம் மக்களின் முகத்தைத் தீட்டிய அவர்தாம் அம்ரிதா ஷெர்கில். அவருடைய வாழ்வு இருபத்தெட்டே ஆண்டுகள். அந்தக் குறுகிய வாழ்வில் நாம் கற்க வேண்டியது நிறைய உண்டு.

பிறப்பும் இளமையும்

அம்ரிதா 1913 ஆம் ஆண்டு ஜனவரி 30 ஆம் நாள் ஹங்கேரி நாட்டின் தலைநகரான புடாபெஸ்டில் பிறந்தார். தந்தை உம்ராவ் சிங் ஷெர்கில் பஞ்சாபின் மஜீதியா என்னும் செல்வக் குடும்பத்தைச் சேர்ந்த சீக்கியர். வடமொழியும் பாரசீகமும் கற்ற அறிஞர். தாய் மேரி அன்டோனியட் ஹங்கேரியைச் சேர்ந்தவர். இசை நாடகங்களில் பாடப் பயின்றவர். 1914 இல் இந்திரா என்ற தங்கை பிறந்தார்.

தந்தைக்குப் புகைப்படக் கலையில் தீராத ஆர்வம் இருந்தது. மனைவி மக்களை மட்டுமன்றித் தம்மையும் தாமே பல்லாண்டுகள் படம் எடுத்து வைத்தார். தன்னைத் தானே உற்றுப் பார்க்கும் பழக்கம் அவ்வீட்டில் மகளுக்கு முன்பே தந்தையிடம் வேரூன்றியிருந்தது எனலாம்.

முதல் உலகப் போரின் துன்பங்களை ஹங்கேரியில் கழித்த குடும்பம் 1921 இல் இந்தியாவுக்கு வந்து சிம்லாவில் குடியேறியது. குழந்தைப் பருவம் முதலே அம்ரிதாவின் கையில் வண்ணப் பென்சில் இருந்தது. பள்ளியில் தமக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னதற்காக அவர் வெளியேற்றப்பட்டார். மனத்தில் உள்ளதை ஒளிக்காத அந்தப் பிடிவாதம் பின்னர் அவருடைய தூரிகையிலும் வெளிப்பட்டது. தாய்மாமன் எர்வின் பக்தாய் இந்தியவியல் அறிஞர்; ஓவியமும் அறிந்தவர். அவர் மருமகளின் திறமையைக் கண்டுகொண்டு, கற்பனையில் வரைவதை விட உயிருள்ள மனிதரை எதிரில் அமர்த்தி வரையும்படி அறிவுறுத்தினார். வீட்டு வேலையாட்கள் அம்ரிதாவின் முன் வந்து அமர்ந்தனர். இந்திய முகங்களை அவர் கூர்ந்து பார்த்தது அன்றே தொடங்கிவிட்டது.

பாரிசில் கண்ணாடி முன்

1929 இல், பதினாறு வயதில், அம்ரிதா குடும்பத்துடன் பாரிஸ் நகரம் சென்றார். முதலில் ஒரு தனியார் ஓவியக் கூடத்திலும், பின் புகழ்பெற்ற எகோல் தே பொசார் என்னும் கலைக் கல்லூரியில் லூசியன் சிமோன் என்ற பேராசிரியரிடமும் பயின்றார். 1930 முதல் 1934 வரையிலான அந்த மாணவப் பருவத்தில்தான் அவர் தம் உருவத்தை மிகுதியாகத் தீட்டினார்.

ஓவியம் பயிலும் மாணவருக்குத் தம் முகத்தை விட எளிதில் கிடைக்கும் முகம் வேறில்லை. அதற்குக் கூலி தர வேண்டியதில்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அது உட்காரும். ஆயினும் அம்ரிதாவின் சுய உருவப் படங்கள் வெறும் பயிற்சி ஏடுகளல்ல. ஒன்றில் கூந்தல் விரிந்து, உதடு சிவந்து, வாய்விட்டுச் சிரிக்கிறார். மற்றொன்றில் கன்னம் ஒட்டி, கண் எங்கோ நிலைத்து, களைத்திருக்கிறார். ஒன்றில் பாரிஸ் நகரத்து நாகரிக மங்கை. மற்றொன்றில் கீழ்நாட்டுப் பெண். இவை அனைத்தும் ஒரே பெண்தானா என்ற ஐயம் பார்ப்பவர்க்கு எழும். தாய் வழியில் ஹங்கேரியும் தந்தை வழியில் பஞ்சாபும் கலந்த அப்பெண்ணுக்கும் அதே ஐயம் இருந்திருக்க வேண்டும். தாம் யார் என்ற கேள்விக்கு அவர் வண்ணத்தால் விடை தேடினார்.

உத்தியைப் பார்த்தால் இப்படங்கள் பலவற்றில் பழைய ஐரோப்பிய மரபின் சாயல் தெரியும். பின்புலம் இருண்டிருக்கும். ஒளி ஒரு பக்கத்திலிருந்து வந்து நெற்றியிலும் மூக்கின் தண்டிலும் கன்னத்திலும் விழும். மறுபக்கம் நிழலில் மெல்ல மறையும். இவ்வாறு ஒளியும் நிழலும் படிப்படியாக மாறும்போது தட்டையான துணியின் மீதுள்ள உருவம் நம் கண்ணுக்குத் திரண்டு நிற்பதாகத் தோன்றுகிறது. ஆளி விதை எண்ணெயில் குழைத்த வண்ணம் விரைவில் உலராது. ஆகையால் ஒரு வண்ணத்தை மற்றொன்றோடு ஈரத்திலேயே இழைக்கவும், ஒன்றின் மேல் ஒன்றாகப் பூசவும் ஓவியருக்கு அவகாசம் கிடைக்கிறது. நிழலை மெல்லக் கனிய வைப்பதற்கு எண்ணெய் வண்ணம் பெரிதும் ஏற்றதாக இருப்பதன் காரணம் இதுவே.

1932 இல் தங்கை இந்திராவையும் ஒரு தோழியையும் அமர்த்தி அவர் தீட்டிய இளம்பெண்கள் என்னும் படம் 1933 இல் பாரிசின் பெரும் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றது. அக்கண்காட்சி அமைப்பு அவரை இணை உறுப்பினராகவும் தேர்ந்தெடுத்தது. அப்போது அவருக்கு இருபது வயது. நம்மில் பலருடைய வயதுதான்.

மாறிய முகம்

பதக்கம் கிடைத்த பாதையிலேயே அவர் சென்றிருக்கலாம். ஆனால் 1934 இல் அவர் தீட்டிய ஒரு சுய உருவம் அப்பாதையை விட்டு விலகுகிறது. தாகித்திப் பெண்ணாகத் தாம் என்பது அதன் பெயர். பிரெஞ்சு ஓவியர் கோகன், பசிபிக் கடல் தீவான தாகித்திக்குச் சென்று அங்குள்ள பெண்களைத் தீட்டிப் புகழ் பெற்றவர். ஐரோப்பிய ஆண் ஒருவர் கீழ்நாட்டுப் பெண்ணைப் பார்த்துத் தீட்டிய மரபு அது. அம்ரிதா அந்த மரபைத் தலைகீழாக்கினார். பார்க்கப்படும் பெண்ணின் இடத்தில் தாமே நின்றார். தூரிகையும் தம் கையிலேயே இருந்தது.

இப்படத்தில் அவர் சிரிக்கவில்லை. மேலாடையின்றி, கைகளை முன்னால் கோத்து, நம்மைப் பாராமல் வேறெங்கோ பார்த்து நிற்கிறார். அவருக்குப் பின்னால் ஓர் ஆணின் நிழல் விழுந்திருக்கிறது. மாணவப் பருவத்துப் படங்களில் இருந்த ஒளி நிழல் விளையாட்டு இங்கே குறைந்துவிட்டது. உடல் அகன்ற, அமைதியான வண்ணப் பரப்பாக நிற்கிறது. சோகம் என்றோ சினம் என்றோ ஒரு சொல்லில் அடக்க முடியாத உணர்ச்சி அம்முகத்தில் உள்ளது. பிறர் பார்வைக்குப் பொருளாகி நிற்கும் எவர்க்கும் அது புரியும்.

அவ்வாண்டின் இறுதியில் அம்ரிதா இந்தியா திரும்பினார். அதன் பின் அவர் தம் முகத்தைத் தீட்டியது மிக அரிது. கண்ணாடியை விட்டுக் கண் வெளியே திரும்பியது.

சிம்லாவும் தென்னகமும்

1935 இல் மலைநாட்டு ஆண்கள், மலைநாட்டுப் பெண்கள், மூன்று பெண்கள் முதலிய படங்கள் பிறந்தன. அதே ஆண்டு சிம்லா நுண்கலைக் கழகம் அவர் அனுப்பிய படங்களில் சிலவற்றைத் தள்ளிவிட்டு ஒன்றிற்குப் பரிசு தந்தது. அவர் அப்பரிசைத் திருப்பி அனுப்பினார். மூன்று பெண்கள் படத்திற்கு 1937 இல் பம்பாய்க் கலைக் கழகம் தங்கப் பதக்கம் வழங்கியது.

1936 ஆம் ஆண்டு இறுதியில் பம்பாயில் கண்காட்சி நடத்திய பின் அவர் தென்திசை நோக்கிப் புறப்பட்டார். அஜந்தாவிலும் எல்லோராவிலும் தொடங்கிய அப்பயணம் ஐதராபாத், திருவனந்தபுரம், கன்னியாகுமரி, கொச்சி என்று நீண்டது. அஜந்தாவின் சுவரோவியங்களும் கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனையின் சுவரோவியங்களும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. மட்டாஞ்சேரியில் சுவர் முன் அமர்ந்து அவற்றைப் பார்த்து வரைந்தார். பாரிசில் பதக்கம் பெற்றவர் மீண்டும் ஒரு மாணவியைப் போல் பெயர் தெரியாத ஓவியர்களிடம் பாடம் கேட்டார்.

அவர் கற்ற பாடம் யாது? நம் சுவரோவியர்கள் ஒரு பக்கத்து வெளிச்சத்தையும் மறுபக்கத்து இருளையும் நம்பி உருவம் படைத்தவர்களல்லர். வளைந்தோடும் கோட்டினாலேயே தோளின் திரட்சியையும் கண்ணின் கருணையையும் காட்டியவர்கள். இதற்குச் சான்று தேடி நாம் அஜந்தா வரை போக வேண்டியதில்லை. நம் காஞ்சிக் கைலாசநாதர் கோயில் திருச்சுற்றில் உள்ள சிறு கோயில்களின் சுவர்களில், சிதைந்த நிலையிலும் பல்லவர் கால ஓவியங்கள் எஞ்சி நிற்கின்றன. 1931 இல் ழூவோ துப்ராய் என்னும் பிரெஞ்சு அறிஞர் அவற்றைக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தார். சாந்து உதிர்ந்து பாதி முகமே மிஞ்சிய இடத்திலும் அந்தக் கோடு உயிரோடிருப்பதை நாம் நேரில் சென்று காணலாம்.

தென்னகத்திலிருந்து சிம்லா திரும்பிய அம்ரிதா 1937 இல் மூன்று பெரிய படங்களைத் தீட்டினார். மணமகளின் ஒப்பனை, பிரம்மச்சாரிகள், சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தார் என்பவை அவை. மணமகளின் ஒப்பனையும் பிரம்மச்சாரிகளும் புதுதில்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் உள்ளன. இவற்றில் பாரிஸ் நாட்களின் கனத்த இருள் இல்லை. உருவங்கள் எளிமையாகி, அகன்ற வண்ணப் பரப்புகளாகி, சுவரோவியத்தின் அமைதியோடு நிற்கின்றன. பிரம்மச்சாரிகள் படத்தில் வரிசையாக அமர்ந்திருக்கும் இளைஞர்களின் வேட்டி வெள்ளை. ஆனால் அது ஒரே வெள்ளையன்று. ஒன்று பழுப்பேறியது, ஒன்று நீலம் கலந்தது, ஒன்று நிழல் விழுந்தது. ஒரே நிறத்துள் எத்தனை நிறம் என்பதைச் சின்ன காஞ்சிபுரத்தில் தறியோசை கேட்டு வளர்ந்தவர்க்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பாவில் ஒரு நிறமும் ஊடையில் மற்றொரு நிறமும் ஓட்டி, மயில் கழுத்து நிறத்தைப் பிறப்பிப்பவர்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். நிறம் என்பது தனித்து நிற்பதன்று, பக்கத்து நிறத்தோடு கூடி வாழ்வது என்பதை எந்தக் கல்லூரிக்கும் போகாமலே அறிந்தவர்கள் அவர்கள்.

சிரிப்பு எங்கே?

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. அதைக் கேட்காமல் விடுவது இக்கட்டுரைக்கு அழகன்று. பாரிசில் தம் முகத்தைத் தீட்டியபோது அம்ரிதா சில படங்களில் வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் அவர் தீட்டிய நம் நாட்டு எளிய மக்களில் சிரிப்பவர் அரியர். கண்கள் தாழ்ந்திருக்கும், உதடு மூடியிருக்கும், கைகள் செயலற்று மடியில் கிடக்கும். தமக்குச் சிரிப்பையும் நமக்குச் சோகத்தையும் அவர் பங்கிட்டுக் கொடுத்தாரா?

அம்ரிதா செல்வர் வீட்டில் பிறந்தவர். பதினாறு வயதில் பாரிஸ் செல்லும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. அவர் முன் அமர்ந்தவர்களுக்கு மலையை விட்டு இறங்கும் வாய்ப்பும் அரிதாகவே இருந்திருக்கும். உழைப்பவர் வீட்டில் சோகம் மட்டும் குடியிருப்பதில்லை. என் வீட்டில் கூலி குறைந்த மாதத்திலும், மழை நாளில் பாவு காயாமல் வேலை நின்றபோதும், தறிக்குழியின் ஓரத்தில் கேலியும் சிரிப்பும் நின்றதில்லை. ஏழையின் முகம் என்றால் வாடிய முகம் என்று முடிவு கட்டுவது, அவன் வாழ்வில் பாதியை மட்டும் பார்ப்பதாகும். இந்தக் குறையை அம்ரிதாவின் படங்களில் காண்பது தவறாகாது என்றே கருதுகிறேன்.

ஆயினும் குறையோடு நிறையையும் சொல்ல வேண்டும். அந்நாளில் இந்திய ஏழையைத் தீட்டிய பலர் அவனை வேடிக்கைப் பொருளாக்கினர். சுற்றுலாப் பயணிக்கு விற்கும் படங்களில் வெயில் பளபளத்தது. தலைப்பாகையும் குடமும் மின்னின. உள்ளே மனிதன் இல்லை. அம்ரிதா அவ்வழியை முற்றும் வெறுத்தார். அவர் படத்தில் உள்ள மலைநாட்டுப் பெண் நம்மிடம் இரக்கம் கேட்பதில்லை. நம்மை மகிழ்விக்கவும் முயல்வதில்லை. தன் நினைவில் தான் ஆழ்ந்திருக்கிறாள். அந்த முகத்தைச் சற்று நேரம் பார்த்தால், 1934 இல் வேறெங்கோ பார்த்து நின்ற அந்தத் தாகித்திப் பெண் நினைவுக்கு வருகிறாள். கண்ணாடியில் தாம் கண்ட தனிமையையே அவர் நம் மக்களின் முகத்திலும் கண்டார். நம் முகத்தில் அவர் வைத்த சோகத்தில் ஒரு பங்கு அவருடையது. அவ்வகையில் பார்த்தால் அவர் சுய உருவம் தீட்டுவதை நிறுத்தவே இல்லை எனலாம்.

இறுதி ஆண்டுகள்

1938 இல் அம்ரிதா ஹங்கேரி சென்று, தாய்வழி உறவினரான மருத்துவர் விக்டர் ஈகானை மணந்தார். 1939 இல் இருவரும் இந்தியா திரும்பி, கோரக்பூர் அருகே சராயா என்னும் ஊரில் வாழ்ந்தனர். அங்கு அவருடைய உறவினர்களுக்குச் சர்க்கரை ஆலையும் நிலங்களும் இருந்தன.

அம்ரிதாவின் தூரிகை அங்கே மீண்டும் ஒருமுறை மாறியது. மொகலாயச் சிற்றோவியங்களும் இமயமலைச் சாரலின் பசோலி ஓவியங்களும் அவருக்கு வழிகாட்டின. ரெம்பிராண்ட் தொலைவிலிருந்து கண்டு வியந்த கலையை இவர் அருகிருந்து கற்றார். படங்களின் அளவு சிறுத்தது, வண்ணம் ஒளிர்ந்தது. 1940 இல் தீட்டிய மஞ்சள் அரைப்போர், ஊஞ்சல் ஆகிய படங்களில் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் பட்டுப் புடவையின் கரைபோல் ஒன்றையொன்று எடுத்துக்காட்டுகின்றன. அங்கே மனிதர்கள் வெறுமனே அமர்ந்திருக்கவில்லை. அரைக்கிறார்கள், ஆடுகிறார்கள், கூடிப் பேசுகிறார்கள். நான் மேலே கூறிய குறையை அவரே உணர்ந்து நீங்கத் தொடங்கினாரோ என்று எண்ணத் தோன்றுகிறது.

1941 செப்டம்பரில் தம்பதியர் லாகூர் நகருக்குக் குடிபெயர்ந்தனர். டிசம்பரில் அங்கே அவருடைய படங்களின் கண்காட்சி நடைபெறவிருந்தது. அதற்குச் சில நாட்களே இருந்தபோது திடீரென்று நோயுற்று, டிசம்பர் 5 ஆம் நாள் அவர் மறைந்தார். வயது இருபத்தெட்டு. முடிவுறாமல் நின்ற அவருடைய கடைசிப் படம், வீட்டின் மேல்மாடியிலிருந்து தெரிந்த காட்சி. சில கட்டடங்கள், சில எருமைகள். கண்ணாடியில் தொடங்கியவர், அண்டை வீட்டு முற்றத்தைப் பார்த்தபடி தூரிகையைக் கீழே வைத்தார்.

1976 இல் இந்திய அரசு அவருடைய படைப்புகளை நாட்டின் கலைச் செல்வம் என்று அறிவித்தது. அவருடைய படங்களில் பெரும் தொகுதி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் பாதுகாக்கப்படுகிறது.

நமக்கு என்ன?

அறிவியல் மாணவனுக்கு ஓவியரின் வரலாறு எதற்கு என்று சிலர் கேட்கலாம். நம் கல்லூரியில் பயில்வோரில் பலர் தத்தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்பில் சேர்ந்தவர்கள். நாமும் இரண்டு உலகங்களுக்கு நடுவே நிற்கிறோம். காலையில் வகுப்பில் ஒரு மொழி. மாலையில் தறியருகே வேறொரு மொழி. படிப்பு ஏற ஏற, வீடு சிறிதாகத் தெரியும் ஆபத்து உண்டு. வீட்டாரைப் பார்த்து இரங்கும் ஆபத்து அதனினும் பெரிது.

அம்ரிதா தாம் கற்றதைத் துறந்து திரும்பவில்லை. எண்ணெய் வண்ணத்தையும் துணிச்சட்டத்தையும் கையோடு கொண்டுவந்து, அவற்றைக் கொண்டே நம் மக்களைத் தீட்டினார். அதே சமயம், கற்றது போதும் என்று இறுமாந்திருக்கவுமில்லை. பதக்கம் பெற்ற பின்னும் சிதைந்த சுவர் முன் அமர்ந்து மீண்டும் மாணவியானார். பார்த்த பார்வை குறையுடையது எனத் தோன்றினால் அதை மாற்றிக்கொள்ளவும் தயங்கவில்லை.

நண்பர்களே! வரும் விடுமுறையில் ஒரு நாள் கைலாசநாதர் கோயிலுக்குச் சென்று, அந்தச் சிறு கோயில்களுக்குள் குனிந்து பாருங்கள். பிறகு வீட்டுக்கு வந்து, தறியில் குனிந்திருக்கும் முகத்தையும் அதே பொறுமையோடு பாருங்கள். அதில் களைப்பு இருந்தால் களைப்பையும், சிரிப்பு இருந்தால் சிரிப்பையும் உள்ளபடி காணக் கற்போம். கற்ற கல்விக்கு அதுவே முதல் தேர்வு.